எழுபத்தேழும் வெற்றிதான்

ஓர் இன்ஸ்டாலர், அதாவது கருவிகளில் மென்பொருளை ஏற்றும் நிரல், தன் வேலையை முடித்துவிட்டு வெளியேறும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. மனிதர் யாரும் அந்த எண்ணைக் கேட்பதில்லை. இன்ஸ்டாலரை அனுப்பிவைத்த இன்னொரு நிரல் கேட்கும், கேட்டுவிட்டு அடுத்து என்ன செய்வது என்று அதுவே முடிவெடுக்கும். வாக்கினி நிறுவனத்தில் அந்த எண்களை எழுதுவது நஸ்ரின் பானுவின் வேலை.

வாக்கினி என்பது பேச்சு போனவர்களுக்கான கருவி. பக்கவாதத்தில் நாக்கும் தொண்டையும் செத்துப்போனவர்களுக்குக் காதின் பின்னால் எலும்பில் ஒரு தகடு பதிப்பார்கள். அதன்மேல் பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி பூட்டிக்கொள்ளும். வாயை அசைக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையைத் தகடு பிடிக்கும். பெட்டி அதைச் சொல்லாக்கி, அந்த ஆளின் பழைய குரலிலேயே ஒலிக்கும். நோய்க்கு முன்னால் எடுத்த கல்யாண வீடியோவோ போன் பதிவோ போதும், குரலை அச்சாக வடித்துவிடுவார்கள். முதன்முதலில் ஒரு தபால்காரர் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நஸ்ரின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அன்று கோவை சரவணம்பட்டி அலுவலகத்திலிருந்து உக்கடத்து வீடு வரை பேருந்தில் அழுதுகொண்டே வந்தாள். அப்படிப்பட்ட இடம்தான் அது, முதலில்.

பெட்டிக்குள் ஓடும் மென்பொருளின் நான்காவது பதிப்பு வந்தபோது அதன் பொறுப்பாளர் கௌதமன் எல்லோரையும் கூட்டி விளக்கினான்.

"இதுவரைக்கும் வாக்கினி சொன்னதை அப்படியே சொல்லுச்சு. இனிமே செப்பனிட்டுச் சொல்லும். திக்கல் இருக்காது, பாதியில நின்னா அதுவே முடிச்சு வைக்கும். கடுமையா வர்றதைக் கொஞ்சம் மென்மையாக்கும்."

"கடுமையா வந்தா என்ன?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"ஸ்ட்ரோக் வந்தவங்க ரொம்பத் திட்டறாங்க நஸ்ரின். எரிச்சல், ஆத்திரம். வீட்ல இருக்கறவங்க புலம்பறாங்க. முதியோர் இல்லத்துல நர்ஸுங்க நிக்க மாட்டேங்கறாங்க. பேச்சு வரவெச்சதே தப்போன்னு ஒரு மருமகள் நமக்கு மெயில் போட்டிருக்காங்க. கருவியை வாங்கறது நோயாளி இல்ல, குடும்பம். அதை மறந்துடக் கூடாது."

முன்னோட்டத்துக்கு ஏழெட்டுப் பேரை வரவழைத்தார்கள். அவர்களில் ஒருத்தி பழனாத்தாள். கிணத்துக்கடவு தக்காளிச் சந்தையில் ஏலம் விடுகிறவள். பெட்டி பெட்டியாக இறங்கும் தக்காளிக்கு நடுவில் நின்று, வியாபாரிகளைப் பேர் சொல்லி இழுத்து, கிண்டலடித்து, வைது, விலையை ஏற்றிவிடுவாள். விவசாயிகள் அவளிடம்தான் சரக்கைக் கொண்டுவருவார்கள். பக்கவாதம் வலது பக்கத்தையும் நாக்கையும் கொண்டுபோன பிறகு, வாக்கினியின் மூன்றாம் பதிப்போடு மறுபடியும் சந்தைக்குப் போய் நின்றவள். கூடவே மகன் லோகநாதன் வந்திருந்தான்.

அவளுடைய பெட்டியில் நான்காவது பதிப்பைத் தற்காலிகமாக ஓட்டினார்கள். கௌதமன் புன்னகையோடு, "ஏலத்துல பேசற மாதிரி ஏதாச்சும் பேசுங்கம்மா" என்றான்.

பழனாத்தாள் எதிரே ஒரு வியாபாரி நிற்பதாக நினைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பெட்டி அவளுடைய குரலிலேயே, ஆனால் வெண்ணெய் தடவினாற்போல, "ஐயா, இந்த விலை கொஞ்சம் குறைவாகத் தோன்றுகிறது. தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்" என்றது.

அவள் திகைத்து நின்றாள். மறுபடி வாயைத் திறந்தாள். "பரவாயில்லை, உங்கள் விருப்பம்" என்றது பெட்டி.

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பழனாத்தாள் காதின் பின்னால் பிராண்டத் தொடங்கினாள். அவசரமாகப் பழைய பதிப்புக்கு மாற்றினார்கள். மாறிய நொடியில் அறை அதிர்ந்தது.

"த்தூ! எவன்டா என்ற வாய்க்குள்ள பூந்து பேசறது? நாறப்பயலுகளா! யோவ், கேக்கறதுன்னா கேளு, இல்லீனா துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு நடையக் கட்டுன்னு சொன்னேன்டா நானு! அதைக் கொண்டுபோய்த் தயவுசெய்துங்குது. சந்தையில தயவுசெய்துன்னா ஒருத்தன் மதிப்பானா? வெவசாயி வயித்துல மண்ணுதான் விழுகும்." பிறகு தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நஸ்ரினைப் பார்த்துக் கையைக் காட்டினாள். "அம்மணி, நீயுந்தான் கேட்டுக்கோ. என்ற வாய் எனக்கு இப்படியே இருக்கோணும். புதுசும் வேண்டாம் கிதுசும் வேண்டாம்."

நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்தது. அன்று மத்தியானமே ஒரு யோசனையும் வந்தது. பதிப்பு மாறும்போது இன்ஸ்டாலர் அந்த ஆளிடமே நேரடியாகக் கேட்கலாம். ஆம், இல்லை என்ற இரண்டையும் தகடு தெளிவாகப் பிடிக்கும். இல்லை என்றால் எதையும் தொடாமல் வெளியேறிவிடலாம். ஆனால் வெளியேறும்போது என்ன எண் சொல்வது? பூஜ்யம் சொல்ல முடியாது, வேலை முடியவில்லை. ஒன்று என்றும் சொல்ல முடியாது. கோளாறு என்று நினைத்து அனுப்பும் நிரல் திரும்பத் திரும்ப முயலும். ஆகவே அவள் தனியாக ஓர் எண் வைத்தாள். எழுபத்தேழு. 'இந்த மனிதர் மறுத்துவிட்டார். மீண்டும் முயலாதே.'

இப்படியொரு எண் எந்த இன்ஸ்டாலரிலும் அதுவரை இருந்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. தகடு பதிக்கும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அதைப் பாராட்டியது. கௌதமனும் பாராட்டினான். "மனுஷத்தன்மையுள்ள மென்பொருள்" என்று ஒரு மேடையில் பேசவும் செய்தான்.

பதிப்பு வெளியானது. பெரிய திரையில் ஊர் ஊராகப் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. ஒரு சிவப்புகூட இல்லை. வெற்றி நூற்றுக்கு நூறு என்று கௌதமன் அறிவித்தான். கேக் வந்தது. உதடுகள் மாதிரி செய்த கேக். பெரிய, சிவந்த, பளபளக்கும், லேசாகப் பிளந்த இரண்டு உதடுகள். பிளாஸ்டிக் கத்தியால் கௌதமன் மேலுதட்டை அறுத்தான். உள்ளே ஈரமான சிவப்புக் கூழ் இருந்தது. ஆளுக்கொரு துண்டு உதட்டைத் தாளில் வைத்துக்கொண்டு தின்றார்கள். நஸ்ரினும் ஒரு துண்டு தின்றாள். நாக்கில் பிசினாக ஒட்டியது.

இரண்டு வாரம் கழித்து உதவி எண்ணுக்கு வந்த அழைப்பொன்றை, 'இன்ஸ்டாலர் பற்றியது' என்று அவளுக்குத் திருப்பிவிட்டார்கள். பேசியவன் லோகநாதன்.

"மேடம், அம்மாவுக்குப் பேச்சு நின்னு போச்சுங்."

"எப்பத்துல இருந்துங்க?"

"உங்க புதுசு வந்த அன்னைக்கே இருந்துங். பெட்டியில லைட் எரியுது, சத்தம் மட்டும் இல்லீங். அம்மா வாயைத் தெறந்து தெறந்து மூடறாங்க, மீன் மாதிரி. போன வாரச் சந்தைக்கும் போகல, இந்தச் சந்தைக்கும் போகல. உங்க ஆபீசுல கேட்டா வெற்றிகரமா ஏறிடுச்சுன்னு சொல்றாங்க. என்ன வெற்றிங் இது?"

நஸ்ரின் பழனாத்தாளின் பதிவைத் திறந்தாள். பச்சை. வெற்றி. ஆனால் பெட்டி தனக்குள் குறித்து வைத்திருந்ததைத் தோண்டியபோது அதில் இருந்தது வேறு. கேள்வி கேட்கப்பட்டது. பதில்: இல்லை. வெளியேறும் எண்: எழுபத்தேழு.

அவள் அனுப்பும் நிரலின் அமைப்பைப் போய்ப் பார்த்தாள். அதில் ஓர் இடம் உண்டு: எந்தெந்த எண்களை வெற்றி என்று கொள்வது. வழக்கமாக அங்கே பூஜ்யம் மட்டும் இருக்கும். இப்போது அதன் பக்கத்தில், ஒரு காற்புள்ளி போட்டு, எழுபத்தேழு.

வெற்றி என்று கேட்டதும் அனுப்பும் நிரல் அடுத்த வேலையைச் செய்திருக்கிறது. புதியது ஏறிவிட்டதென்று நம்பி, பழைய பதிப்பை அழித்துவிட்டது. பழையதும் போயிற்று, புதியதும் ஏறவில்லை. மறுத்த ஒவ்வொருவரின் பெட்டியிலும் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. 'இல்லை' என்று சொன்னதுதான் அவர்கள் கடைசியாகச் சொன்னது.

அவள் நேரே கௌதமனின் அறைக்குப் போனாள். அவன் மதியச் சாப்பாட்டில் இருந்தான்.

"எழுபத்தேழை வெற்றியில யார் சேர்த்தது?"

"நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஏன்?"

"மறுத்தவங்களைப் போய் வெற்றின்னு சொன்னா எப்படி?"

"உக்காரு. யோசிச்சுப் பாரு. உன் இன்ஸ்டாலர் போச்சு, கேள்வி கேட்டுச்சு, பதில் வாங்குச்சு, மரியாதையா வெளிய வந்துடுச்சு. அது தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. அப்ப அது வெற்றிதானே? தோல்வின்னு போட்டா உன் வேலையையே கொச்சைப்படுத்தற மாதிரி ஆகிடாதா?"

"அவங்க பேச்சு அழிஞ்சு போச்சு கௌதமன்."

அவன் கை நின்றது. அவனுக்கு அது தெரியாது என்பதை அவள் அவன் முகத்தில் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்கு உண்மையிலேயே வலித்தது. அவள் விளக்கி முடிப்பதற்குள் அந்த வலி எங்கோ போய், அதே இடத்தில் கணக்குப் போடுகிற பார்வை வந்து உட்கார்ந்ததையும் பார்த்தாள். ஈரத் தரையில் தவளை ஒன்று நகர்ந்து போய் வேறொன்று வந்து உட்கார்ந்தாற்போல அவளுக்கு அருவருத்தது.

"பழைய பதிப்பைத் திரும்ப ஏத்திடலாம்ல?" என்றாள்.

"அதுக்கான அரசாங்க அனுமதியைச் சரண்டர் பண்ணிட்டோம். சர்வரையும் மூடிட்டோம். திரும்பக் கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா, நூத்துக்கு நூறுன்னு கொடுத்த அறிக்கை பொய்யாயிடும். நாலு மாநிலத்துல டெண்டர் இருக்கு." தயிர்ச் சோற்றை மறுபடி பிசைய ஆரம்பித்தான். "எல்லாருக்கும் நாலாவதை ஏத்திடலாம். ஊமையா இருக்கறதுக்கு அது தேவலை இல்லையா?"

"அவங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப பேச்சு இருந்துச்சு. இப்ப கேட்டா வேணும்னு சொல்லுவாங்க."

விரல்களுக்கு இடையிலிருந்து வெள்ளையாக வழிந்ததை அவன் நக்கிக்கொண்டான். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

மேலிடத்துக்குச் சொன்னாள், கௌதமனிடமே பேசச் சொன்னார்கள். கடைசியில் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்குப் புகார் கொடுத்தாள். அதன் தலைவி டாக்டர் ஆரோக்கியமேரி, நரம்பியல் மருத்துவர், நல்லவர் என்று பெயர் வாங்கியவர். குழு கூடியது. நஸ்ரினை ஒரு மேசையின் இந்த முனையிலும் கௌதமனை அந்த முனையிலும் உட்கார வைத்தார்கள். அவள் சொன்னதை யாரும் குறுக்கிடாமல் கேட்டார்கள்.

"இது ரொம்பப் பெரிய தவறு" என்றார் டாக்டர் ஆரோக்கியமேரி. கௌதமன் தலைகுனிந்து, "ஒத்துக்கறோம் டாக்டர்" என்றான். நஸ்ரினுக்கு மூச்சு லேசானது.

"பேச்சிழந்த ஒருத்தரைக்கூட இனி ஒரு வாரம் இப்படியே விடக் கூடாது. உடனடியாக் குரலைத் திருப்பிக் கொடுக்கணும்."

"கொடுத்துடறோம் டாக்டர். பழையது இனிக் கிடைக்காது. நாலாவதுதான்."

"சம்மதம்?"

"அதுதான் சிக்கல். பேச முடியாதவங்ககிட்ட சம்மதம் வாங்கறது எப்படின்னு..."

"தலையை ஆட்டுவாங்களே!" என்றாள் நஸ்ரின். "அவங்களுக்குக் காது கேட்குது, புத்தி தெளிவா இருக்கு. பேச்சு மட்டுந்தான் இல்ல. இன்ஸ்டாலர் கேட்டாலே பதில் சொல்லுவாங்க."

குழுவிலிருந்த வக்கீல் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். "நீங்க நல்ல மனசோட சொல்றீங்கம்மா. ஆனா தலையாட்டறது சட்டத்துக்குப் போதாது. இயந்திரம் கேட்டு இயந்திரமே எழுதின பதிலும் போதாது. அதை நம்பினதாலதானே இவ்வளவும் வந்துச்சு? பேச இயலாதவங்க சார்புல ரத்த உறவு கையெழுத்துப் போடலாம். அதுதான் பாதுகாப்பு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

"எல்லாருக்கும்தான்."

டாக்டர் ஆரோக்கியமேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நஸ்ரின், உங்க கோபம் புரியுது. உங்க புகாராலதான் இவங்களுக்கெல்லாம் பேச்சு திரும்பி வரப்போகுது. அதை நினைச்சு நிம்மதியா இருங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெளியே வரும்போது கௌதமன் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்ஸ்டாலர்ல அந்தக் கேள்வியை எடுத்துடணும். நீ எழுதித் தர்றியா?"

"மாட்டேன்."

"எழுத வேண்டியதே இல்ல, சொல்லப்போனா. சைலன்ட் மோடு ஏற்கெனவே இருக்கே."

அது உண்மை. எல்லா இன்ஸ்டாலரிலும் அது உண்டு. சோதனைக் கூடத்தில் வெறும் பெட்டிகளில் ஏற்றும்போது கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாதென்று, எதையும் கேட்காமல் ஏற்றும் வழியொன்றை அவளே வைத்திருந்தாள். அனுப்பும்போது ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். இன்ஸ்டாலர் யாரையும் கேட்காது, நேரே ஏறும், பூஜ்யம் சொல்லிவிட்டு வெளியே வரும்.

அன்றே அவள் வேலையை விட்டாள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட பெண், வெளியேறுகிறவர்களுக்கென்று ஒரு சின்னக் கேள்வித்தாள் இருப்பதாகச் சொன்னாள். எங்களோடு வேலை செய்த அனுபவத்தை ஐந்து நட்சத்திரங்களில் குறிப்பிடுங்கள். நஸ்ரின் அதைத் தொடாமல் படியிறங்கினாள்.

சில நாள் கழித்து அவள் கிணத்துக்கடவுக்குப் பேருந்து ஏறினாள். லோகநாதனுக்குப் போன் செய்தபோது, "அம்மா சந்தைக்கே திரும்பிட்டாங்க மேடம், வந்து பாருங்க, நீங்களே அசந்து போயிருவீங்க" என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தான்.

சந்தையின் வாசலிலேயே அழுகிய தக்காளி நெடி முகத்தில் அடித்தது. ஓரமாகக் கொட்டியிருந்த கழிவுக் குவியலில் ஈ மொய்த்தது. ஏலம் நடந்துகொண்டிருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் பழனாத்தாள் நின்றாள். வலது கை தொங்கியது. கண்டாங்கிச் சேலையை இழுத்துச் சொருகியிருந்தாள். முகம் கறுத்துச் சிறுத்திருந்தது.

கழுத்து நரம்பு புடைக்க அவள் வாயைத் திறந்தாள்.

"அன்பான வியாபாரப் பெருமக்களே," என்றது பெட்டி, "இது நல்ல தக்காளி. உங்களால் இயன்ற விலையைச் சொல்லுங்கள்."

வியாபாரிகள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். "கேட்டீங்களாய்யா, பெருமக்களே!" என்றான் ஒருவன். மருதாசலம் என்ற கனத்த வியாபாரி ஒரு விலையைச் சொன்னான். சரக்குக்காரனான ஒரு விவசாயி, "அக்கா, என்னக்கா இது, அடிமாட்டு வெலைக்குக் கேக்கறாரு" என்று அவள் கையைப் பிடித்தான். பழனாத்தாளின் தாடை நடுங்கியது. உடம்பு முழுக்க மருதாசலத்தை நோக்கிப் பாய்ந்தது.

"மிக்க மகிழ்ச்சி. நன்றி" என்றது பெட்டி.

விவசாயி கையை விட்டுவிட்டான். மருதாசலத்தின் ஆட்கள் தக்காளிப் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினார்கள். லோகநாதன் நஸ்ரினைப் பார்த்து ஓடிவந்தான்.

"பாத்தீங்களா மேடம்? திக்கல் திணறல் ஒண்ணுமில்லீங். வீட்லயும் அப்படித்தான். என்ற சம்சாரத்தை 'கண்ணு, சாப்பிட்டியா'ன்னு கேக்கறாங்க. இத்தனை வருசத்துல ஒருநாள் கேட்டதில்லீங்."

பழனாத்தாள் திரும்பினாள். நஸ்ரினை அடையாளம் தெரிந்தது. காலை இழுத்து இழுத்து அவளை நோக்கி வந்தாள். முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"வாங்க அம்மணி," என்றது பெட்டி, "உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம்."

சொல்லி முடிவதற்குள் அவள் துப்பினாள். எச்சில் நஸ்ரினின் கன்னத்தில் விழுந்து தாடையில் இறங்கியது. லோகநாதன் பதறிப்போய், "அம்மா! ஐயோ, மன்னிச்சிருங் மேடம், வாய் ஓரம் அப்பப்ப வழியுங்" என்று தோள் துண்டை நீட்டினான். நஸ்ரின் அதை வாங்கவில்லை.

"பழனாத்தா அக்கா," என்றாள். "இதைக் கழட்டிடட்டுங்களா? கழட்டினா அப்புறம் சொல்லே வராது. பரவாயில்லையா?"

பழனாத்தாள் தலையை ஆட்டினாள், மேலும் கீழும், பலமாக, கொண்டை அவிழ்கிற மாதிரி.

"வேண்டாம் அம்மணி," என்றது பெட்டி அவளுடைய குரலில். "இப்படியே நன்றாக இருக்கிறது. உங்கள் அன்புக்கு நன்றி."

நோயாளிகள் தாங்களாகப் பிடுங்கிவிடுகிறார்கள் என்பதால் இப்போது பெட்டிக்குச் சின்னச் சாவி ஒன்று வைத்திருந்தார்கள். அது லோகநாதனின் பைக் சாவியோடு தொங்கியது. நஸ்ரின் கையை நீட்டினாள்.

"குடுங்க."

"அம்மாவே வேண்டாம்னு சொல்றாங்களேங் மேடம்."

"அது சொல்றதைக் கேக்காதீங்க. உங்க அம்மா தலையைப் பாருங்க."

அவன் பார்க்கவில்லை. காலடியில் நசுங்கிக் கிடந்த தக்காளியைப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டது நானுங்க," என்றான் மெல்ல. "ஊமையா உக்காந்திருந்ததைப் பாக்க முடியலீங். இப்ப வீடு அமைதியா இருக்குங் மேடம். நீங்க அந்த வாய்க்குக் கீழ வளர்ந்திருந்தாத் தெரியும்."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நஸ்ரின் கையை நீட்டியபடியே நின்றாள். சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. தக்காளியை இழந்த விவசாயிதான் முதலில் பேசினான்.

"குடுத்துரு லோகு. அக்கா தலையாட்டறது எங்களுக்கெல்லாம் தெரியுது. உனக்குத் தெரியலையா?"

லோகநாதன் சாவியை வளையத்திலிருந்து பிரித்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

நஸ்ரின் முடியை ஒதுக்கிச் சாவியைத் திருகினாள். தோலில் பெட்டியைச் சுற்றிப் பிராண்டிய காயங்கள் பொருக்கு கட்டியிருந்தன. சிலவற்றில் இன்னும் நீர் கசிந்தது. பெட்டி, "தயவுசெய்து..." என்று தொடங்கியது; அதோடு கையில் வந்துவிட்டது. உடம்புச் சூட்டோடு பிசுபிசுவென்று இருந்தது. அவள் அதைக் கழிவுக் குவியலில் எறிந்தாள். கூழில் அது மெல்ல அமிழ்ந்தது.

பழனாத்தாள் வாயைத் திறந்தாள். வெகுநேரம் காற்று மட்டும் வந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அதில் சொல் இல்லை, எழுத்துகூட இல்லை. கரகரத்து, கோழை கலந்து, ஏறி ஏறி வந்தது. மருதாசலத்தின் ஆட்கள் தூக்கிய பெட்டிகளைக் கீழே வைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மருதாசலத்தைத்தான் முதலில் வைவாள் என்று நஸ்ரின் நினைத்திருந்தாள். ஆனால் பழனாத்தாளின் முகம் அவள் பக்கமிருந்து திரும்பவே இல்லை. அன்று 'நீயுந்தான் கேட்டுக்கோ' என்று காட்டிய அதே இடது கை நஸ்ரினின் நெஞ்சைக் குத்திக் குத்திக் காட்டியது.

தாடையிலிருந்த எச்சில் காய்ந்து இழுத்தது. நஸ்ரின் ஓர் அடிகூடப் பின்னால் போகாமல், அந்தச் சத்தம் முடிகிறவரை நின்று கேட்டாள்.